வெளிச்சம் பார்க்கிற வேலை

இந்த இடத்துலதானுங்க படுதாவை வெட்டுச்சு அந்தம்மா. இதோ, இந்த மூலையில கத்திரியை வெச்சு, அந்த மூலை வரைக்கும் ஒரே இழுப்பு. இப்ப நீங்க தெச்சதுக்கப்புறம் எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்குது. தடவிப் பார்த்தா விரலுக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. நல்ல கைங்க மாஸ்டர் உங்களுக்கு. உக்காருங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. வெயில் இன்னும் கொஞ்சம் ஏறட்டும். டீ சொல்லியிருக்கறேன், கடையில இருந்து வரும். வீட்டுல இருந்து வராதுங்க. எங்க வீட்டம்மா இந்த ஷெட்டுப் பக்கம் வர்றதை நிறுத்தி வருசமாகப் போகுது. மெழுகு நாத்தம் ஒத்துக்கலையாம். ஏதோ ஒரு சாக்கு.

நாமக்கல்ல படுதாக்காரனுக்குப் பஞ்சமா சொல்லுங்க? இத்தனை லாரி நிக்கற ஊர்ல படுதா தெக்கறவன் இல்லாமயா இருப்பான்? ஒருத்தன் வரலீங்க. நானும் பட்டறை பட்டறையா ஏறி இறங்குனேன். வருசக்கணக்கா என் லாரிக்குத் தெச்சவனுங்க, என்னைப் பார்த்ததும் மிஷினைப் பார்த்துக் குனிஞ்சுக்கறானுங்க. "வேலை நிறைய இருக்குதுங்க"ங்கறான் ஒருத்தன். "கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க"ங்கறான் இன்னொருத்தன், எம்முன்னால ஊசியில நூல் கோத்துக்கிட்டே. எல்லாம் வயித்தெரிச்சல். ஒரு லாரிக்காரன் இப்படி ஒரு சாமானை வெச்சிருக்கறானேன்னு. நீங்க ஒருத்தர்தான் பவானியில இருந்து தானாத் தேடிக்கிட்டு வந்தீங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டதுக்கு "கேள்விப்பட்டேன்"னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல வாயைத் தெறக்கல. அட்வான்ஸ் நீட்டுனேன், வேண்டாம்னுட்டீங்க. எனக்கு அதிகம் பேசாத ஆளுங்களைப் புடிக்குமுங்க. சடையப்பன் அப்படித்தான் இருந்தாரு.

சடையப்பன்தான் இந்தப் படுதாவை மொதல்ல தெச்சவரு. அவரைப் பத்திச் சொல்றேன், இருங்க. மொதல்ல வண்டியைப் புரிஞ்சுக்கோணும் நீங்க.

இது சாதா டிரெய்லர் இல்லீங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஜீப்புக்குப் பின்னால கோத்து இழுத்துக்கிட்டுப் போனது. பர்மாப் பக்கம் போயிட்டு வந்ததுன்னு எங்கிட்ட வித்தவன் சொன்னான். சண்டை முடிஞ்சு ஏலம் விட்டப்ப கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுக்காரர் ஒருத்தர் எடுத்துக்கிட்டுப் போயி எரு அடிச்சிருக்கறாரு. நான் போய்ப் பார்த்தப்ப அதுக்குள்ள கோழி அடைஞ்சு கிடந்துச்சு. கோழி! எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. கொண்டாந்து துருவைச் சுரண்டி, நசுங்கல் எடுத்து, பட்டாளத்துப் பச்சையில சரியான பச்சை எதுன்னு தேடித் தேடி அடிச்சேன். தட்டிப் பாருங்க. எப்படிச் சத்தம் வருது? தொட்டிங்க இது. நாலு பக்கமும் அடியும் சந்தே இல்லாமப் பத்த வெச்சிருக்கறான். எதுக்குன்னா, ஆத்துல பாலம் இல்லைன்னா அப்படியே தண்ணியில எறக்கி இழுத்துக்கிட்டுப் போயிருவானுங்க. பரிசலாட்டம் மிதக்கும். சொட்டுத் தண்ணி உள்ள வராது. தண்ணி மட்டுமில்ல, எதுவுமே வராது.

அதுக்கு மேல போடறதுதான் இந்தக் கித்தான் படுதா. இதுலதாங்க விசயமே இருக்குது. வண்டியை யாரு வேணும்னாலும் தயார் பண்ணிரலாம். படுதா அசலா இருக்கோணும். கோயமுத்தூர்ல பழைய வண்டி வெச்சிருக்கறவங்க வருசா வருசம் கூட்டம் போடுவாங்க. கண்காட்சி மாதிரி. வெளிநாட்டுல இருந்து நடுவர் வருவாரு, கையில பூதக்கண்ணாடியோட. முந்தின வருசத்துக்கு முந்தின வருசம், லாரிப் படுதாவை அளவா வெட்டிப் போட்டுக்கிட்டு நான் போனேன். நல்லாத்தான் இருந்துச்சு. அந்தாளு வந்தாரு. ஓரத்துல ஒரு நூலை உருவுனாரு. தீக்குச்சியை உரசி நூல் நுனியில வெச்சாரு. நைலானு உருகிச் சொட்டுச்சு. பருத்தியா இருந்தாச் சாம்பலாகோணும். அவரு ஒண்ணும் சொல்லல, குறிச்சுக்கிட்டு நகந்துட்டாரு. பக்கத்துல ஒரு மில்லுக்காரர் நின்னுட்டிருந்தாரு, எப்பவும் பரிசு வாங்கறவரு. "என்னங்க, தக்காளி ஏத்திக்கிட்டு வந்தீங்களா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

மாஸ்டர், ஒரு காலத்துல ரோட்டுல எந்தப் பக்கம் திரும்புனாலும் என் பேரு எழுதுன லாரி ஓடுச்சுங்க. என்னையப் பார்த்து எவனும் அப்படிச் சிரிச்சதில்ல. என் பையன் சொல்றான், "வித்துத் தொலைங்கப்பா, அது வெறும் டிரெய்லர்"னு. வெறும் டிரெய்லராம். லாரியை எல்லாம் அவன் கையில கொடுத்துட்டேன், எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதுலயும் ஒருத்தன் சிரிச்சா நான் எங்க போறது?

அதான் போன வருசம் சடையப்பனைக் கூப்பிட்டேன். அவரு கை பட்ட படுதா மழையில ஒழுகுனதே கிடையாது. சொன்னாக் கேக்கற ஆளு. மொதல்ல அவரும் நைலான் நூல்லதான் தெச்சுக்கிட்டு வந்தாரு. "இதுதானுங்க தாங்கும், வெளிய பார்த்தா யாருக்குங்க தெரியப் போகுது?"ன்னாரு. "எனக்குத் தெரியும்"னேன். மறுபேச்சு இல்லாம முழுசையும் பிரிச்சாரு. மறுபடி பருத்தி நூல்ல மெழுகு தடவி, ஓரத்தை அசல்ல எப்படி மடிச்சிருக்குதோ அப்படி மடிச்சு, வளையத்துக்குப் பித்தளை வாங்கி, அதுவும் பளபளன்னு இருக்கக்கூடாதுன்னு கருக்க வெச்சு அடிச்சாரு. கயிறு நான் கொடுத்தேன். பழைய பட்டாளத்துச் சாமான் விக்கற கடையில தேடிப் புடிச்ச கயிறு, அந்தக் காலத்துப் பருத்தி. இந்த மாதிரி இன்னொண்ணு எங்கயும் கிடைக்காது. இதோ, இந்தக் கயிறுதான். வெட்டுப்படாமத் தப்பிச்சது இது ஒண்ணுதான்.

ஒரே ஒரு விசயத்துலதான் எதுத்துப் பேசுனாரு. "பின்பக்கம் சின்னதா ஒரு தெறப்பு வெச்சிரலாமுங்க, உள்ளருந்தும் அவுக்கற மாதிரி"ன்னாரு. எதுக்குங்கறேன். "சும்மா, காத்துக்கு"ங்கறாரு. ஏனுங்க மாஸ்டர், உள்ள போறது சாமான். சாமானுக்கு எதுக்குங்க காத்து? அசல்ல தெறப்பு இல்ல. சுத்திலும் கொக்கி, கொக்கியில கயிறு, முடிச்சு பின்னால, எல்லாம் வெளிய. அவ்வளவுதான் அசல். தலையை ஆட்டிட்டுப் போனவரு மறுநாள் வந்து மறுபடியும் கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "உங்களுக்குத் தெக்க வருமா, வராதா?"ன்னேன். அதுக்கப்புறம் கேக்கல.

அப்புறம் மெழுகு. உங்களுக்கும் சொன்னேனே, அதே முறைதான். டர்பன்டைன்ல மெழுகைக் கரைச்சு, பச்சைச் சாயம் சேர்த்து, ரெண்டு பக்கமும் தேச்சு ஊற வெக்கறது. இப்பக் கடையில டப்பாவுல வேற ஏதோ விக்கறானுங்க, நாத்தமே இல்லாம. அதைப் போட்டா நடுவர் மோந்து பார்த்தே சொல்லிருவாரு. சடையப்பன் பூசி முடிச்சுட்டு, "ஒரு வாரம் நிழல்ல காயட்டுமுங்க, நாத்தம் போகட்டும்"னாரு. ஒரு வாரத்துக்கு எங்க போறது? ஞாயித்துக்கிழமை கூட்டம், வெள்ளிக்கிழமை ஆயிருச்சு. அந்தத் தடவை படுதா மேல தண்ணி ஊத்திப் பார்க்கப் போறாங்கன்னு வேற பேச்சு. ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் போச்சு. இன்னிக்கே வெளிச்சம் பார்த்தாகோணும்னுட்டேன். நீங்க பாருங்க, நேத்துப் பூசுனீங்க, இன்னிக்கே பார்த்துரலாம்னதும் சரின்னுட்டீங்க. அவராட்டம் இழுக்கல. அதுதான் எனக்குப் புடிச்சிருக்குது.

வெளிச்சம் பார்க்கறது உங்களுக்குத் தெரியாததா. புதுப் படுதாவை லாரி மேல இழுத்துக் கட்டிப்புட்டு ஒருத்தர் உள்ள போயி மல்லாக்கப் படுத்துக்குவாரு. உச்சி வெயில்ல எங்கயாவது ஓட்டை இருந்தா உள்ளருந்து நட்சத்திரமாட்டம் தெரியும். "வலது ஓரம், ஒரு சாண்"னு அவரு கத்துனா வெளிய இருக்கறவன் சாக்பீசுல வட்டம் போடுவான். சத்தம் வரலைன்னா ஓட்டை இல்லைன்னு அர்த்தம். எல்லாப் பட்டறையிலயும் இதே வழக்கம்தான். உள்ள இருக்கறவர் சும்மா இருக்க இருக்க வெளிய இருக்கறவனுக்குச் சந்தோசம்.

சடையப்பன் அன்னிக்குக் கொஞ்சம் தயங்குனாரு. "லாரின்னா பக்கமெல்லாம் சந்து இருக்குமுங்க, இது அண்டாவுக்குள்ள படுத்து மூடுன மாதிரி இருக்குது"ன்னாரு. "அஞ்சு நிமிசம்தானே"ன்னேன். சட்டையைக் கழட்டி மடிச்சு அதோ அந்த ஜன்னல்ல வெச்சாரு. புதுச் சட்டை போல, மெழுகு பட்டுரக்கூடாதுன்னு பார்த்தாரு. ஏறிப் படுத்தாரு. நானும் என் ஜீப்பு டிரைவர் வையாபுரியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டுனோம். கொக்கி கொக்கியா, பட்டாளத்துக்காரன் எப்படிக் கட்டுவானோ அப்படி. வண்டி இதே இடத்துலதான் நின்னுச்சு, வெயில்ல.

மொதல்ல சத்தம் வந்துச்சு. "நடுவுல ஒண்ணுங்க." வட்டம் போட்டேன். "எடப்பக்கம், வளையத்துக்குக் கீழ." அதையும் போட்டேன். அதுக்கப்புறம் சத்தமில்ல. நான் சுத்திச் சுத்தி வந்தேன். காதை வெச்சுக் கேட்டேன். ஒண்ணுமே இல்ல. மாஸ்டர், அந்த அமைதி இருக்குதே, என் கல்யாணத்தன்னிக்குக் கூட நான் அவ்வளவு சந்தோசமா இருந்ததில்லீங்க. இவ்வளவு பெரிய கித்தான்ல ரெண்டே ஓட்டை! போனை எடுத்துக் கோயமுத்தூர்ல பழைய வண்டிச் சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டேன். "மில்லுக்காரரைக் குடத்தோட வரச் சொல்லுங்க, எவ்வளவு தண்ணி வேணும்னாலும் ஊத்தச் சொல்லுங்க"ன்னேன். அவரும் சிரிச்சாரு. ரொம்ப நேரம் பேசுனோம்.

நடுவுல உள்ளருந்து தட்டற சத்தம் கேட்டுச்சு. கேக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தட்டுனா என்ன அர்த்தம்? ஓட்டைன்னா வாயாலதானே சொல்லோணும், அதானே வழக்கம்? நான் போனைக் கையால பொத்திக்கிட்டு, "தட்டாதீங்க மாஸ்டர், மெழுகு காயல, தடம் விழுந்துரும்"னேன். மரியாதையாத்தான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தட்டுனாரு. அப்புறம் நிறுத்திட்டாரு. சொன்னாக் கேக்கற ஆளுன்னு சொன்னேன் பாருங்க.

டீ வந்துருச்சு. எடுத்துக்கங்க. அங்க வெச்சுட்டுப் போப்பா. குடிங்க மாஸ்டர், ஆறிப் போகுது. டம்ளரை ஏனுங்க தள்ளி வெக்கறீங்க? காத்தால இருந்து ஒண்ணும் சாப்பிடலையா? வேலை வேலைன்னு வயித்தைக் காயப் போடாதீங்க.

அப்புறம் என்ன, வையாபுரிதான் ஓடியாந்து, "அண்ணா, கூப்பிட்டா பேச்சு இல்லீங்க"ன்னான். அவுக்கலாம்னு பார்த்தா, வெயில்ல மெழுகு எளகிக் கயிறு பூரா எறங்கி, முடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. அந்தப் பய உடனே அருவாளைத் தூக்கிக்கிட்டு வர்றான், வெட்டிரலாம்னு. நான் அவன் கையைப் புடிச்சுக்கிட்டேன். இந்த மாதிரிக் கயிறுக்கு அப்புறம் எங்கடா போறதுன்னேன். ஆணியை விட்டு நெம்பி நெம்பி, ஒவ்வொரு கொக்கியா, பொறுமையா அவுத்தேன். அவன் பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டே இருந்தான், ஆம்பளைப் பையன். அந்த மாதிரி நேரத்துலதானுங்க நிதானம் வேணும். அங்க என்னையத் தவிர யாருக்கும் நிதானமில்ல.

அவருக்கு ஏற்கனவே நெஞ்சுல கோளாறு இருந்திருக்குது. ஆஸ்பத்திரியில அப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க. போலீசு வந்து பார்த்துச்சு, எம்மேல ஒரு குத்தமும் இல்லைன்னுட்டுப் போயிருச்சு. நானும் செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சேன். இருக்கறதுலயே பெரிய மாலையாப் பார்த்து வாங்கிக்கிட்டுத்தான் எழவு வீட்டுக்குப் போனேன். ஞாயித்துக்கிழமை கூட்டம் கை விட்டுப் போன வருத்தத்தை முகத்துல காட்டிக்கவே இல்ல. அங்க உக்காந்திருந்தப்பத்தான் ஒரு ஞாபகம் வந்துச்சு. படுதாவுக்கு வெட்டுனதுல மிச்சக் கித்தான் ஒரு துண்டு அவரு வீட்டுல இருந்துச்சு. அந்த நெசவு இனிமேக் கிடைக்காது. சத்தம் போட்டெல்லாம் கேக்கல, அவரு சம்சாரத்தைத் தனியாக் கூப்பிட்டுத்தான் கேட்டேன். அந்தம்மா என்னையவே பார்த்துச்சு. உள்ள போயி எடுத்தாந்து கையில கொடுத்துச்சு. பாருங்க, அந்தத் துண்டு இருந்ததாலதானே இன்னிக்கு நீங்க கிழிசலுக்கு அடியில பட்டை வெச்சுத் தெக்க முடிஞ்சுது? நான் யோசிச்சு வாங்கி வெச்சது.

ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. உள்பக்கம் கித்தான் பூரா நகக்கீறல். மெழுகுல கோடு கோடா. நீங்களும் பார்த்தீங்கதானே. தெக்கறப்ப அது மேல கையை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தீங்க. தேச்சு மறைச்சிரலாமுங்களான்னு கேட்டேன், நீங்க மறுபடி ஊசியை எடுத்துக்கிட்டீங்க. பரவால்ல விடுங்க, நடுவர் மேல்பக்கம்தான் பார்ப்பாரு.

இப்பத்தான் என் நியாயத்துக்கு வர்றேன். காரியமெல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் போயிருக்கும். அவரு சம்சாரம் இங்க வந்து நின்னுச்சு. பாவாயின்னு பேரு. உங்க பவானிப் பக்கத்துப் பொண்ணுதான், உங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்சிருக்கும். தலையை ஆட்டறீங்க. தெரியும்ங்கறீங்களா, தெரியாதுங்கறீங்களா, ஒண்ணும் புரியல. சரி, கேளுங்க.

"அவரு கடைசியாப் படுத்த எடத்தைப் பார்க்கோணுமுங்க"ன்னுச்சு. நான் என்ன கல்நெஞ்சுக்காரனா? கூட்டியாந்து காட்டுனேன். அவரு சட்டை ஜன்னல்ல மடிச்ச மடிப்போட அப்படியே இருந்துச்சு, யாரும் எடுக்கல. அதை எடுத்து இடுப்புல செருகிக்கிச்சு. அப்புறம், "எப்படிங்க கட்டுனீங்க? கட்டிக் காட்டுங்க"ன்னுச்சு. புருசன் செஞ்ச வேலையைப் பார்க்க ஆசைப்படுதாக்கும்னு நான் நினைச்சேன். கட்டிக் காட்டுனேன். ஒரு கொக்கி விடல. "இதுதான் அம்மிணி அசல், இப்படித் தெக்க இந்த ஜில்லாவுல ஆள் கிடையாது"ன்னு பெருமையாத்தான் சொன்னேன். வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்துச்சு. முந்தானைக்குள்ள இருந்து கத்திரியை எடுத்துச்சு. அவரோட கத்திரிங்க, படுதா வெட்டற பெரிய கத்திரி! நான் "அம்மிணி, அம்மிணி"ங்கறதுக்குள்ள இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு இழுத்துருச்சு. அழுகல. கத்தல. வெட்டுன எடத்தை ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு, உள்ள குனிஞ்சு, "இப்பக் காத்து வருதுங்களா?"ன்னு கேட்டுச்சு. யாரைக் கேட்டுச்சோ. அங்க என்னையத் தவிர ஒருத்தரும் இல்ல.

நீங்களே சொல்லுங்க மாஸ்டர், நீங்களும் தொழில்காரர். புருசன் பிரிச்சுப் பிரிச்சுத் தெச்ச வேலை. அவரு கடைசியாச் செஞ்ச வேலை. அதை வெட்டறதுக்கு ஒரு பொம்பளைக்கு எப்படி மனசு வரும்? நான் போலீசுக்குக் கூடப் போகலீங்க. ஆனா படுத்தா அந்தக் கிழிபடற சத்தம்தான் காதுல கேக்குது. வையாபுரி சொல்லாமக் கொள்ளாம வேலையை விட்டுட்டுப் போயிட்டான். வீட்டம்மா பேசறதில்ல. ஊரே அந்தம்மா பக்கம் நிக்குது. எனக்கும் ஒரு நஷ்டம் ஆயிருக்குதுன்னு ஒருத்தனுக்கும் தோணல. நீங்க ஒருத்தர்தான் முழுசாக் கேட்டீங்க. உங்ககிட்டச் சொன்னதுல எனக்குப் பாரம் எறங்குன மாதிரி இருக்குது.

சரி, வெயில் உச்சிக்கு வந்துருச்சு. உங்க தையல் எப்படின்னு பார்த்துரலாம். வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல மில்லுக்காரர் வாயைத் தெறக்கக் கூடாது. ஏறுங்க மாஸ்டர்.

என்னது? நானா?

ம். அதுவும் சரிதான். உங்க கண்ணுக்கு உங்க தையல் குத்தம் தெரியாமப் போகலாம். எது அசல், எது இல்லைன்னு பார்க்கறதுக்கு என் கண்ணுதான் வேணும். பாருங்க, அன்னிக்கும் சடையப்பனை ஏத்துனதுக்கு நானே ஏறியிருக்கலாம். அந்த ரோசனை எனக்கு வரல. வந்திருந்தா கூட்டத்துக்கும் போயிருப்பேன், படுதாவும் வெட்டுப்பட்டிருக்காது. நல்ல ரோசனைங்க உங்களுக்கு.

இருங்க, செருப்பைக் கழட்டிக்கறேன். இந்தாங்க, போனை நீங்க வெச்சுக்கங்க, இடுப்புல செருகியிருந்தாத் தகட்டுல உரசும். சட்டையையும் கழட்டிட்டேன், அந்த ஜன்னல்லயே வெச்சிருங்க. கையைக் கொடுங்க, ஏத்தி விடுங்க. அப்பாடா. முட்டியை மடக்கிக்கிட்டாச் சரியா இருக்குது. தகடு சுடுது. பரவால்ல. இழுங்க, மூடுங்க.

கேக்குது, நல்லாக் கேக்குது. கட்டுங்க. இன்னும் இழுத்து. என்ன மாஸ்டர், உங்க கட்டு இவ்வளவு கச்சிதமா இருக்குது! பின்னால முடிச்சு வெளியில வரோணும், பார்த்துக்கங்க. ஆச்சா? சாக்பீசு கையில இருக்குதா?

நாத்தம் கண்ணைக் கரிக்குது. இருங்க, கண்ணு பழகட்டும். நடுவுல ஒண்ணுமில்ல. வலப்பக்கம் இல்ல. நீங்க தெச்ச எடம் எங்கன்னே தெரியல. ஓரம் இல்ல. மூலை இல்ல. மாஸ்டர்! ஒண்ணுமே இல்லீங்க! சுத்த இருட்டு! ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல! மில்லுக்காரன் தொலைஞ்சான் போங்க!

போதும், அவுத்து விடுங்க. புழுங்குது.

ஸ்டூலை இழுக்கற சத்தம் கேக்குது. உக்காந்துட்டீங்களா? அப்புறம் உக்காரலாமுங்க, இதை அவுத்து விட்டுட்டு.

என்ன சொன்னீங்க? செரியாக் கேக்கல. பாவாயி யாரு? உங்க அக்காவா? கூடப் பொறந்த அக்காவா?

அட. அப்ப சடையப்பன் உங்களுக்கு மாமா. மொதல்லயே சொல்லியிருக்கலாமே, மாஸ்டர். அதை மனசுல வெச்சுக்கிட்டா இத்தனை நேரம் பேசாம உக்காந்திருந்தீங்க? சரி, அப்ப உங்ககிட்டயே கேக்கறேன். தம்பிக்காரர் நீங்க, நடுநிலையாச் சொல்லுங்க. உங்க அக்கா பண்ணுனது நியாயமா? இந்தப் படுதாவை வெட்டலாமா? சொல்லுங்க, கேப்போம்.

என்னங்க, பேச்சையே காணோம்.

மாஸ்டர், தலை சுத்தற மாதிரி இருக்குது. இங்க காத்தே இல்ல. இந்தச் சத்தம் கேக்குதா? நான்தான் தட்டறேன். கேக்குதுங்களா? இங்க, இந்தப் பக்கம்.

என்ன? தட்டக்கூடாதா?

ஆமா. ஆமாங்க. மெழுகு காயல, தடம் விழுந்துரும். சரியாச் சொன்னீங்க. அவசரத்துல எனக்கே மறந்து போச்சு. தட்டல, இதோ நிறுத்திட்டேன். நீங்க வையாபுரி மாதிரி பதறாதீங்க, நிதானமா அவுத்து விடுங்க. வெயில்ல முடிச்சு இறுகியிருக்கும். அந்த ஆணி ஸ்டூலுக்குக் கீழதான் கிடக்குது, அதை விட்டு நெம்புங்க. கொஞ்சம் சீக்கிரமா. மாஸ்டர், இருக்கீங்களா? கயிறை மட்டும் வெட்டிராதீங்க.